தண்ணீரோடு போகும் சொல்

மைதானக் கோட்டைத் தாண்டிப் பயிற்சியாளர் உள்ளே வரக் கூடாது. தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பவன் வரலாம். ரக்பியில் யாராவது அடிபட்டு விழுந்து ஆட்டம் நின்றால் நாம்தான் உள்ளே ஓடுகிறோம். நம்முடைய வேலையின் பாரம் முழுவதும் இந்தச் சின்ன விதிக்குள் இருக்கிறது. தண்ணீர் தனியாகப் போவதில்லை. வெளியே நின்று துடித்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளரின் சொல்லும் அதோடு சேர்ந்து போகிறது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான்கு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். டேப் சுற்றுவது, தசைப்பிடிப்பு எடுப்பது, ஐஸ் வைப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவற்றில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. இப்போது முழங்கால் போய்விட்டது. ஈரப் புல்லில் ஓட முடியாது. அதனால் வீட்டில் இருக்கிறேன். உள்ளே ஓடிய காலத்தில் எனக்குக் களைப்புத் தந்தது ஓட்டமல்ல. எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஓடும்போதே முடிவு செய்ய வேண்டியிருந்ததே, அதுதான். அதை யாரும் வகுப்பில் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

முதலில் ஃபைசலைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அணியில் கோலுக்குப் பந்து உதைத்தவன் அவன். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் அவனுடைய வாப்பாவுக்குப் புடவைக் கடை. நகத்தை ஒட்ட வெட்டி, சப்பாத்தைத் துடைத்து, காலுறையின் மடிப்பு இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போகிறவன்.

அப்போது நான் ஜெர்சி துவைப்பதும் கால் பிடித்துவிடுவதுமாக உள்ளே இருந்தேன். போத்தல் இன்னொருவர் கையில் இருந்தது. நல்ல மனிதர். ஆனால் ஒலிபெருக்கி. சேர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சேர் என்று நான் சொல்வது எங்கள் பயிற்சியாளரை. சிங்களக்காரர், தமிழ் விளங்கும், பேசுவது சிங்களத்தில். அவர் பேச்சை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பந்தை நிறுத்தி வைக்கும் ரப்பர் ஸ்டாண்டை உதைப்பவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் போத்தல்காரரின் வேலைதான். அவர் ஸ்டாண்டை வைத்துக்கொண்டே சொல்வார்: "இதையும் வெளிய அடிச்சா இனி ஒனக்கு உதைக்கிற வேலை இல்லையாம். சேர் சொல்லச் சொன்னாரு." ஃபைசல் தலையாட்டுவான். பந்து கம்பத்தை விட்டு விலகி ஹந்தானை மலைப் பக்கமாகப் போகும். சேருக்கு இன்னும் கோபம் வரும். அடுத்த தடவை இன்னும் சூடான சொல் போகும். பந்து இன்னும் தள்ளிப் போகும்.

பிறகு அந்தப் போத்தல்காரர் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார். ஆள் கிடைக்காமல் போத்தலை என்னிடம் தந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஃபைசலுக்குக் கோலுக்கு உதைக்கும் வாய்ப்பு வந்தது. சேர் என் காதில் ஏதேதோ கத்தினார். நான் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டம் முழுவதும் என்னையே பார்ப்பது போல இருந்தது. வாய் வரவில்லை. ஸ்டாண்டை வைத்தேன், நின்றேன், திரும்பி ஓடி வந்துவிட்டேன். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனது.

"சொன்னதைச் சொன்னாயா?" என்று சேர் கேட்டார்.

"ஆமா சேர்."

"பார்த்தாயா? அவனுக்கு அப்படிச் சொன்னால்தான் ஏறும்" என்றார்.

அடுத்த வாரம் கால் பிடித்துவிடும்போது ஃபைசல் சொன்னான்: "அண்ணன், நீங்க ஸ்டாண்டக் கொண்டு வாரது மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வந்த மாதிரி. ஒரு பேச்சு மூச்சில்ல. அப்பிடியே வாங்க. எனக்கு அதுதான் வேணும்."

"கோவமா தம்பி?"

"அல்லாஹ்வே, கோவமா? நான் பந்த வைக்கக்குள்ளயே உள்ளுக்கு ஒருத்தன் இருந்து ஏசிட்டிருக்கான். வெளிய இருந்து இன்னொருத்தன் எதுக்கு?"

அதற்குப் பிறகு அவனிடம் காற்று எந்தப் பக்கம் என்றுகூட நான் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு, பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கூச்சம், அது ஃபைசலுக்குப் பொருந்தியது. அவ்வளவுதான். அதே அணியில் செல்வா இருந்தான். அவனிடம் பேசாமல் போனால் அவன் கல்லாகிவிடுவான்.

செல்வா பன்விலப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிரே அதே மாதிரிக் குனிந்து நிற்கும் எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். அதில் முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவன் அவன். எதிர்ப்பக்கத்துப் பாரம் அவன் கழுத்தில்தான் இறங்கும். உடம்பு மலை மாதிரி. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது பாதித் தூக்கத்தில் இருப்பவன் போல நிற்பான். தள்ளுவான், முழுப் பலத்தைப் போட மாட்டான்.

அவனை எழுப்பும் வித்தையைச் சேர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒரு நாள் பயிற்சியில் கடுப்பாகி, "உனக்கு இது சரிவராது. மலைக்குத் திரும்பிப் போய்க் கொழுந்து எடு" என்று கத்தினார். செல்வாவின் முகம் மாறியது. அடுத்த ஸ்க்ரமில் எதிரே நின்றவர்கள் எல்லோரும் பின்னால் போய் விழுந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அது மருந்தானது. ஆட்டத்துக்கு ஒரு தடவை, தேவையென்றால் இரண்டு தடவை.

தேயிலைக் கொழுந்து எடுப்பது எங்கள் பக்கம் பெண்கள் வேலை. ஆண்கள் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், மண்ணைக் கிளற முள்ளுக் குத்துவார்கள், மருந்தடிப்பார்கள். ஆகவே அவனைப் பெண் என்று சொல்வதால்தான் ரோசம் வருகிறது என்று சேர் நினைத்தார். அணி முழுவதும் அப்படித்தான் நினைத்தது. தமிழில் சொன்னால் இன்னும் சுருக்கென்று இருக்கும் என்று அந்தச் சொல்லைக் கொண்டுபோகும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

என்னைப் போல ஒருவன் செல்வாவைத் திட்டுவதை நினைத்துப் பாருங்கள். அவன் தோளுக்குக்கூட நான் எட்டமாட்டேன்.

"செல்வா... சேர் சொல்றாரு... கொழுந்து எடுக்கப் போகட்டுமாம்."

"யாரு போகட்டுமாம்?"

"நீதாம்பா."

"அண்ணே, நீங்க திட்டுறது பந்திக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சத்தமா திட்டுங்க. அப்பத்தான் ஏறும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே அவன் கண் மட்டும் வேறாகும். பிறகு எதிரே நிற்பவன் பாடு அவ்வளவுதான்.

ஒரு நாள் கால் பிடித்துவிடச் செல்வா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தபோது நானாகத்தான் கேட்டேன். பொதுவாக நான் கேட்பதில்லை. "பொம்பளன்னு சொல்றதுக்கா ஒனக்கு அவ்வளவு கோவம்?"

"பொம்பளன்னு சொன்னா எனக்கென்னா? எங்கம்மா இன்னும் மலையிலதான் அண்ணே நிக்கிது. மழையில இடுப்புல ரெட்டுத்துணி கட்டிக்கிட்டு. கொழுந்துன்னு யாரு சொன்னாலும் அது மொகந்தான் முன்னுக்கு வருது. அது வந்துட்டா எனக்கு முன்னால நிக்கிறது யாருன்னு தெரியாது. அடிக்கணும் போல இருக்கும்" என்றான்.

"சேர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். அதுலதானே நான் வெளையாடுறேன்."

அதுவும் உண்மைதான். அந்தச் சொல் இல்லாமல் அவன் சாதாரண ஆட்டக்காரன். அந்தச் சொல்லோடு அவனைப் போல ஒருவர் கண்டியிலேயே இல்லை என்றார்கள். ஆனால் அந்த வெறி ஸ்க்ரமோடு நின்றுவிடவில்லை. ஒரு பருவத்தில் ஓர் எதிரணிக்காரனின் தாடையில் குத்திச் சிவப்பு அட்டை வாங்கினான். விசாரணை நடந்தது. இன்னொரு முறை நடந்தால் நீண்ட காலத் தடை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த பருவத்தில்தான் கண்டியில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை தருவதாகச் சொன்னது. பண்டகசாலையில் நிரந்தர வேலை. ரக்பிக்காரன் என்பதற்காகவே கிடைக்கும் வேலை. அதனால் அவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டார்கள். பருவம் முடியும்வரை அவன் பெயரில் இன்னொரு சிவப்பு அட்டை வரக் கூடாது. கிடைத்தால் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று செல்வா என்னிடமும் ஃபைசலிடமும் மட்டும் சொல்லியிருந்தான். சேருக்கு வேலை விசயம் தெரியும். அம்மா விசயம் தெரியாது.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. சொந்த மைதானம். வென்றால் கிண்ணத்துக்கான ஆட்டத்துக்குப் போகலாம், தோற்றால் வீடு. காலையிலிருந்தே மழை. மலைகள் தெரியவில்லை. கூட்டம் குடையோடு வந்து நின்றது. இரண்டாம் பாதியில் நாங்கள் புள்ளியில் கொஞ்சம் முன்னால் இருந்தோம். ஆனால் ஸ்க்ரமில் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

செல்வாவுக்கு எதிரே நின்றவன் வாய்க்காரன். தலைகுனிந்து கோக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் உதடு அசைவதை நான் கோட்டில் நின்றே பார்த்தேன். என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. ஆனால் செல்வா எழுந்திருக்கும்போது கையால் தன் ஜெர்சியையே பிடித்துத் திருகிக்கொண்டு எழுந்தான். அவன் கை அப்படிப் போய் நான் முன்னால் பார்த்ததில்லை.

எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்க்ரமுக்கு ஊதினார்கள். அதற்குள் எதிரணியில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார, ஆட்டம் நின்றது. சேர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"செல்வா குளிர்ந்துபோய்க் கிடக்கிறான். பார், பின்னால் போகிறான். போய்ச் சூடேற்று."

"சேர், அவன் குளிர்ந்த மாதிரி தெரியல."

"ராம், உன்னிடம் அபிப்பிராயம் கேட்டேனா? வழக்கமாகச் சொல்வதைச் சொல். இல்லை, அது போதாது. அவன் அம்மா கூடையோடு வந்து நின்றால் இதைவிட நன்றாகத் தள்ளுவாள் என்று சொல்."

சேர் அம்மா என்று சொன்னது சும்மா வாயில் வந்த சொல். கொழுந்து என்றால் பெண், பெண் என்றால் அம்மா. அவ்வளவுதான் அவர் யோசித்திருப்பார். அவரைக் கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள். பதினைந்து பேரின் ஒரு வருட உழைப்பு அந்தச் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த ஒரே மருந்தை அவர் எடுத்தார்.

நான் ஓடினேன். தூரம் அதிகமில்லை, சேறு காலை இழுத்தது. சேர் சொன்னால் சொல்ல வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்று ஒரு பக்கம். அந்தக் கை ஜெர்சியைத் திருகியது இன்னொரு பக்கம். போய்ச் சேருகிறவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

செல்வா போத்தலை வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவன் அதையே சொல்றான். கொழுந்து, கொழுந்துன்னு. அவனுக்கு எப்புடித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் இருக்கும்? ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர் கோட்டில் நின்று கத்தியதை நான் உள்ளே கொண்டுபோய்ச் சொன்னேன். கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

"இன்னொரு தரம் சொன்னான்னா அடிச்சிருவேன் அண்ணே. என்னால புடிச்சிக்கிட்டு நிக்க முடியல." பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். "சேர் என்ன சொன்னாரு?"

பக்கத்தில் ஃபைசல் நின்றான். அவனும் என்னைப் பார்த்தான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டிலிருந்து சேரின் குரல் கேட்டது. மழையில் சொல் விளங்கவில்லை.

"தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செல்வா கோட்டைப் பார்த்தான். சேர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லி யாரும் அப்படிக் கத்துவதில்லை. செல்வாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "ஒங்களுக்குப் பொய் சொல்லவும் வராது அண்ணே" என்றான்.

அவன் கையில் போத்தலைத் திணித்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணில் பட்டதைச் சொன்னேன். "அவன் பின்னங்காலப் பாரு. வழுக்கிக்கிட்டே இருக்கு. காலு நிக்காததால வாயால தள்ளுறான்."

செல்வா பார்த்தான். உண்மையில் அந்த வாய்க்காரனின் கால் நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. செல்வா ஒரு மிடறு குடித்தான். போத்தலைத் திருப்பித் தந்தான். நடுவர் ஊதினார். நான் வெளியே ஓடினேன்.

இனி நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். செல்வா எழுந்து எதிரணியைத் தூக்கி எறியவில்லை. ஸ்க்ரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, நின்றது. நேராக, தாழ்வாக, ஒழுங்காகத் தள்ளினான். நல்ல ஆட்டக்காரன் எவனும் செய்வது அது. அந்த வெறி இருந்திருந்தால் அங்கேயே பந்தைப் பிடுங்கியிருப்போம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கலாம். பந்து அவர்களிடமே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கமாக ஓடிப் புள்ளி எடுத்தார்கள். நாங்கள் தோற்றோம்.

கடைசி விசிலுக்குப் பிறகு அந்த வாய்க்காரன் செல்வாவின் பக்கத்தில் வந்து மறுபடியும் எதையோ சொன்னான். நான் போத்தல்களைப் பொறுக்குவதை விட்டுவிட்டு நின்றேன். செல்வா அவனுடைய காலைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அவனும் வேறு வழியில்லாமல் குலுக்கினான். அவ்வளவுதான். சிவப்பு அட்டை இல்லை.

எல்லோரும் உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். சேர் என்னை வெளியே கூப்பிட்டார். தகரக் கூரையில் மழை கொட்டியது.

"சொன்னாயா?"

"சொல்லல சேர்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "நீ யார் முடிவெடுக்க?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. செல்வாவின் அம்மாவைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். அது என்னுடைய கதை இல்லை என்பதால் சொல்லவில்லை. அடுத்த பருவம் தொடங்கியபோது போத்தல் வேறொருவர் கைக்குப் போனது. நான் மறுபடியும் ஜெர்சி துவைக்கப் போனேன்.

அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஃபைசல் கேட்டது. தோற்று இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ்ஸுக்கு நான் நின்றபோது வந்தான். எப்போதும் போலச் சுத்தமான சட்டை.

"அண்ணன், ஒண்டு கேக்கட்டுமா? மனசுல வெச்சுக்கொள்ள வேணாம். ஒரு சொல்லுக்காகவா நாங்க தோத்த?"

"தெரியல தம்பி."

"எனக்கும் இது கடைசி வருசம். வாப்பா கடையப் பாக்கச் சொல்றார். ஒரு தரமாவது அந்தக் கிண்ணத்தத் தூக்கிப் பாக்க ஆசையா இருந்திச்சி." பிறகு அவனே சொன்னான்: "நான் உங்கட இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பன் எண்டு யோசிச்சன். சொல்லியிருப்பன் எண்டுதான் நெனைக்கிறன். சொல்லிப்போட்டு செல்வாட மொகத்த எப்பிடிப் பாத்திருப்பன் எண்டு தெரியா."

பஸ் வந்தது. என் பையைத் தூக்கி உள்ளே வைத்தான். நாம் ஒருவனுக்கு நல்லது செய்யும்போது அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். இதை உங்களுக்கு இலேசாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை.

செல்வாவுக்கு வேலை கிடைத்தது. அம்மா கீழே வந்தார். அடுத்த பருவத்தில் அவன் விளையாடினான். ஆனால் பழைய செல்வா இல்லை. சேர் அவருடைய மருந்தைப் புதிய போத்தல்காரர் மூலம் அனுப்பிப் பார்த்தார். செல்வா, "ஆமா, போகணும்" என்று சிரித்துவிட்டு நின்றான். மருந்து வேலை செய்யவில்லை. மலையில் இப்போது அவன் அம்மா இல்லையே. நல்லவனாக, ஒழுங்காக, நடுத்தரமாக விளையாடினான். பருவம் பாதியாகும் முன்பே அவன் இடம் இன்னொருவனுக்குப் போனது. அவன் வெளியே கதிரையில் உட்கார்ந்து கைதட்டினான்.

ஓர் ஆட்டக்காரனை ஓட வைப்பது எது என்று கண்டுபிடித்துவிட்டால் அது அவன் உயிரோடு இருக்கும்வரை அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். நேற்றைய காரணம் அவனுடைய வீட்டிலேயே தீர்ந்துபோயிருக்கும். நமக்குத் தெரிய ஒரு பருவம் ஆகும்.

அந்த வருடம் ஒரு மாலை, பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, நான் ஈர ஜெர்சிகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். சேர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு ஜெர்சியை எடுத்து மறுமுனையைப் பிடித்தார்; இரண்டு பேருமாகப் பிழிந்தோம்.

"நல்ல ஆட்டக்காரன் ஒருவனைக் கெடுத்துவிட்டாய்" என்றார்.

"ஆமா சேர்."

"அவனுக்கு அது தெரியுமா?"

"தெரியும் சேர்."

"என்ன சொல்கிறான்?"

"சந்தோசமா இருக்கான். அம்மா கீழ வந்துட்டாங்க. இனி மழையில நிக்கத் தேவையில்ல."

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மழையில்?"

அப்போதுதான் சொன்னேன். சுருக்கமாகத்தான். செல்வாவிடம் முதலில் கேட்டிருந்தேன். இப்போது சொன்னால் பரவாயில்லை என்று அவன் சொல்லியிருந்தான். சேர் கையில் இருந்த ஜெர்சியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

"நான் ரோசம் என்று நினைத்தேன்" என்றார்.

நான் அடுத்த ஜெர்சியை எடுத்து உதறினேன்.

"ஆனாலும் அந்த ஆட்டத்தை நாம் வென்றிருக்கலாம்."

"வென்றிருக்கலாம் சேர்."

ஜெர்சியைக் கொடியில் போட்டார். அது கோணலாகத் தொங்கியது. நான் சரி செய்தேன். போகத் திரும்பியவர் நின்றார். புதிதாக ஒரு பையன் அணிக்கு வந்திருந்தான். நல்ல வேகம், ஆனால் கூட்டத்தைக் கண்டால் பந்தைக் கையிலிருந்து நழுவவிடுவான். அவனைப் பற்றித்தான் கேட்டார்.

"அவனுக்கு என்ன சொன்னால் ஏறும் என்று நினைக்கிறாய்?"

"தெரியல சேர். கேட்டுப் பாக்கணும்."

"யாரிடம்?"

"அவன்கிட்டதான் சேர்."

சேர் சிரிக்கவில்லை. பிறகு சுவரோரம் கிடந்த போத்தல்களில் ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, சனிக்கிழமை ஆட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.